கெண்டோ வகுப்பில் நாலு வருஷம்: அடித்ததைவிடக் குனிந்ததுதான் அதிகம்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பொழுது போகவில்லை என்றுதான் வீட்டுக்குப் பக்கத்து கெண்டோ வகுப்பில், அதாவது மூங்கில் வாளால் பழகும் ஜப்பானிய வாள்வீச்சு வகுப்பில், சேர்ந்தேன். நாலு வருஷம் ஓடிவிட்டது. சேர நினைப்பவர்கள் அடி பலமாக விழுமா என்றுதான் கேட்கிறார்கள். என்னைப் படுத்தி எடுத்தது மரியாதை முறைகள்.

வாசலிலேயே ஆரம்பிக்கும். செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் கோயில் வாசலில் உதறுவதுபோல் உதறிவிட்டுப் போக முடியாது, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வரிசையில் வைக்க வேண்டும். நுழையும்போது குனிந்து ஒரு வணக்கம். அப்புறம் ஈரத்துணியைத் தரையில் இரு கையாலும் அழுத்தி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடித் துடைப்போம். அறுபது தாண்டிய பெரியவர் ஒருவர் என்னை முந்திப் போவார். வெறுங்காலோடு ஆடும் மரத்தரை அது. காலில் ஒரு சிலாம்பு ஏறிய பிறகு துடைக்கச் சலித்துக்கொள்வதை விட்டேன்.

முதல் வாரம் மேலங்கியின் வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டிவிட்டேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா பதறிப்போய் அவிழ்த்து மாற்றிவிட்டார். ஜப்பானில் அப்படி உடுத்துவது பிணத்துக்கு.

தரையில் கிடக்கும் ஷினாயை, அதாவது அந்த மூங்கில் வாளை, தாண்டக் கூடாது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஆனால் அதன் நாலு மூங்கில் பட்டைகளையும் ஒவ்வொரு முறையும் தடவிப் பார்ப்பது சடங்கு இல்லை; பிளந்த சிம்பு முகக்கவசக் கம்பிக்குள் புகுந்தால் கண் போய்விடும்.

செய்ஸா, அதாவது மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காருவது, இன்னும் வரவில்லை. இடக்கால் முதலில் இறங்கணும், எழும்போது வலக்கால் முதலில். மூன்றாம் வருஷத்தில்கூட மரத்த காலோடு எழுந்து சென்செய் (ஆசிரியர்) முன்னாலேயே சரிந்திருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கூச்சமாக இருந்தது.

கோபம் வந்தது ஒன்றில். சென்செய் முகக்கவசத்தைக் கழற்றும்வரை நாங்கள் கழற்றக் கூடாது. ஒரு ஆகஸ்ட் மாலை, ஏசி இல்லாத கூடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தும் வாயைத் திறக்காமல் நின்றேன். பிறகு சொன்னபோது, முடியாவிட்டால் ஒதுங்கி உட்காருவதும் முறைதான் என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாம்!

பிடித்தது: போட்டியில் புள்ளி எடுத்ததும் கையைத் தூக்கிக் கொண்டாடினால் புள்ளியையே ரத்து செய்துவிடுவார்கள். என் முதல் போட்டியில் எனக்கு அந்த ஆபத்தே வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராகச் சென்செய் முன் மண்டியிட்டு வணங்கினால் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்வார். போன வாரமும் எனக்கு அதேதான்: இடது கை.