போர்லி: காவலிருந்தவரும் காகிதம் புரட்டியவர்களும்

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் உள்ள சின்னக் கிராமம் போர்லி. அங்கிருந்த பாதிரியார் இல்லத்தில் பேய் நடமாட்டம் என்று 1929-இல் பத்திரிகையில் செய்தி வர, ஆவி ஆய்வாளர் ஹாரி பிரைஸ் வந்து பார்த்தார். 1937-இல் அந்த வீட்டையே ஓராண்டு வாடகைக்கு எடுத்தார். நாளிதழில் விளம்பரம் கொடுத்து 48 பேரைத் திரட்டி, முறை வைத்துக் காவல் இருக்கச் செய்தார். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அங்கே முன்பு என்னென்ன நடந்ததாகச் சொல்லப்பட்டது என்பதை ஒரு கையேட்டில் அச்சடித்து அவர்களிடம் முதலிலேயே கொடுத்துவிட்டார். அப்புறம் எலி ஓடினாலும் காலடிச் சத்தமாகத்தானே கேட்கும்!

பிரைஸ் சொன்னதைப் பின்னால் சரிபார்த்த ஆவி ஆய்வாளர்கள் டிங்வால், கோல்ட்னி, ஹால் மூவரும் சென்ற வழி வேறு. 1939-இல் வீடு எரிந்துபோயிருந்தது. அதனால் கடிதங்களையும் குறிப்புகளையும் வரிவரியாக ஒப்பிட்டார்கள். சத்தங்களுக்குக் காரணம் எலிகளும் வீட்டின் விசித்திரமான எதிரொலியும்தான், சில பிரைஸின் கைவேலையாகவே இருக்கலாம் என்று 1956-இல் அறிக்கை வெளியிட்டார்கள்.

எனக்கு மூவரின் பொறுமைமீதுதான் நம்பிக்கை. ஒன்று மட்டும் உறுத்துகிறது: பதில் சொல்ல பிரைஸ் இல்லை. அவர் 1948-லேயே இறந்துவிட்டார்.