அரை பேண்டுக்கு 57 மதிப்பெண்: ஐயெல்ட்ஸா, பிடிஇ கோரா, செல்பிப்பா?

கேட்டல் 8.5, வாசித்தல் 8, பேச்சு 7.5, எழுத்து 6.5. கனடா போவதற்காக எழுதிய ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் இதுதான் என் முடிவு. இந்த மதிப்பெண்ணைப் பேண்டு என்பார்கள். அம்மாவிடம் சொன்னேன், “எல்லாம் நல்ல மார்க்தானே” என்றாள். எழுத்தில் எனக்கு வேண்டியது 7. மறுபடி எழுதினேன். எழுத்து மறுபடியும் 6.5. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினேன். 6.5 அசையவில்லை. மூன்றாவது தடவை தேர்வையே மாற்றி பிடிஇ கோர் எழுதினேன், வந்துவிட்டது. அதனால் இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி (வயது, படிப்பு, மொழி, அனுபவம் என்று மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் முறை) வழியாக பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கேட்பவர்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று தேர்வுகள் செல்லும்: ஐயெல்ட்ஸ் ஜெனரல் டிரெயினிங், செல்பிப் ஜெனரல், 2024 ஜனவரி 30 முதல் பிடிஇ கோர். பெயரில் ‘அகாடமிக்’ இருந்தால் தொடாதீர்கள், அது இங்கே செல்லாது. மூன்று தேர்வுகளின் முடிவுக்கும் இரண்டு வருட ஆயுள். எதை எழுதினாலும் கனடா அதை சிஎல்பி என்கிற தன் அளவுகோலுக்கு மாற்றித்தான் பார்க்கும். பொதுவாகச் சொல்ல வேண்டியது இவ்வளவே.

எந்தத் தேர்வு சுலபம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கேட்க வேண்டியது வேறு: நான்கு பிரிவில் உங்கள் காலை வாரப்போவது எது? அந்த ஒன்றில் சிஎல்பி 9ஐ எட்ட எந்தத் தேர்வு உங்களுக்கு வழிவிடும்?

கணக்கைப் பாருங்கள். கணவனோ மனைவியோ கூட வரும் விண்ணப்பத்தில், ஒரு பிரிவில் சிஎல்பி 8 என்றால் 22 மதிப்பெண், 9 என்றால் 29. ஏழுதானே வித்தியாசம் என்று தோன்றும். பள்ளம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. படிப்பையும் மொழியையும் சேர்த்து ஒரு கூடுதல் மதிப்பெண், வெளிநாட்டு வேலை அனுபவத்தையும் மொழியையும் சேர்த்து இன்னொன்று. முதுநிலைப் பட்டமும் மூன்று வருடமோ அதற்கு மேலோ அனுபவமும் இருப்பவருக்கு இரண்டிலும் தலா 50. ஆனால் நான்கு பிரிவிலும் சிஎல்பி 9 இருந்தால்தான் அது கிடைக்கும். ஒன்றே ஒன்று எட்டில் நின்றாலும் இரண்டும் பாதியாகி 25, 25. ஆக, எழுத்தில் அந்த அரை பேண்டு எனக்குத் தின்றது 57 மதிப்பெண். மற்ற மூன்றிலும் சிஎல்பி 10 வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த மதிப்பெண்ணையும் 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். இந்த 57ஐ வேறெங்கே தேடுவது? இதில் முப்பதிலிருந்து நாற்பது வரை வரும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து மதிப்பெண் குறையும். அந்த வருடம் நான் கேக் வெட்டவில்லை.

இப்போது சிஎல்பி 9க்கு ஐயெல்ட்ஸ் கேட்பது: கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. கேட்டலும் வாசித்தலும் எண்ணிப் பார்க்கக்கூடியவை. நாற்பது கேள்வியில் ஏறக்குறைய 35 சரி என்றால் கேட்டல் கைக்கு வந்துவிடும், எங்கே தப்பு விட்டோம் என்று வீட்டிலேயே தெரியும். எழுத்து அப்படியில்லை. ஒரு கடிதம், ஒரு கட்டுரை, ஒரு மணி நேரம். திருத்துவது மனிதர். ஏன் 6.5, ஏன் 7 இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் போன பயிற்சி மையத்தில் ஒருவர் “வாக்கியத்தை நீளமாக்குங்க” என்றார், இன்னொருவர் “சுருக்குங்க” என்றார். இரண்டும் செய்தேன்.

பிடிஇ கோரில் எழுத்துக்கு சிஎல்பி 9 வேண்டுமென்றால் 88. மொத்தமே 90! அட்டவணையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். (கேட்டலுக்கு 82, வாசித்தலுக்கு 78, பேச்சுக்கு 84.) அந்த 88 எப்படிச் சேருகிறது என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதில் எழுத்து மதிப்பெண் நீங்கள் எழுதும் மின்னஞ்சலிலிருந்து மட்டும் வருவதில்லை. கடைசியில் சில வாக்கியங்களை ஒரே ஒரு தடவை சொல்வார்கள், கேட்டு அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். சரியாக விழும் ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண். அது கேட்டலுக்கும் சேரும், எழுத்துக்கும் சேரும். யோசித்தால் இது நமக்குப் புதிதா? இரண்டாம் வகுப்பிலிருந்து ‘சொல்வதை எழுதுதல்’ எழுதி, தப்புக்குப் பத்துத் தடவை இம்போசிஷன் எழுதி வளர்ந்த கூட்டம் நாம். எனக்கு நயமான கட்டுரை வராது. சொன்னதைச் சொன்னபடி எழுத வரும். ஒரு மாதம் தினமும் ராத்திரி நாற்பது வாக்கியம், ஒருமை பன்மையில் ‘எஸ்’ விட்டுப்போகாமல். அவ்வளவுதான் என் தயாரிப்பின் ரகசியம்.

மின்னஞ்சலும் 50 முதல் 120 சொல்லுக்குள், ஒன்பது நிமிடம். அலுவலகத்தில் தினம் எழுதுவதுதான். திருத்துவது முதன்மையாகக் கம்ப்யூட்டர். அதற்கு உங்கள் கருத்து ஆழமானதா என்ற கவலை கிடையாது. கேட்டதைத் தொட்டீர்களா, இலக்கணம் எழுத்துப்பிழை சரியா என்று பார்க்கும்.

இதன் குறை பேச்சில் இருக்கிறது. மைக்கில் பேச வேண்டும், மூன்று விநாடி மௌனமாக இருந்தால் பதிவு நின்றுவிடும். தடுமாறினால் திரும்பச் சொல்லித் திருத்தக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் திருச்சியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் சென்னை போய் எழுதினேன். பக்கத்துத் தடுப்பில் ஒரு தம்பி மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி மாதிரிப் பேசினார். என் ஹெட்செட்டுக்குள்ளேயே அவர் குரல். அன்று தப்பித்தது என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். பேச்சு 86, இரண்டு குறைந்திருந்தால் விளிம்பு. எழுத்து 90. முடிவு மறுநாளே வந்தது.

செல்பிப்பை நான் எழுதியதில்லை. கனடாவிலேயே படித்து, வேலையில் சேர்ந்து, பிஆர் கேட்ட என் நாத்தனார் எழுதினாள். அவள் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். கனடாவிலேயே உருவான தேர்வு. மூன்று மணி நேரம், ஒரே இருக்கை, எல்லாம் கம்ப்யூட்டரில். எழுத்தையும் பேச்சையும் திருத்துவது மனிதர்கள். மதிப்பெண்ணை மாற்றிப் பார்க்கிற அட்டவணையே வேண்டாம், அங்கே 9 என்றால் சிஎல்பி 9. “அண்ணி, ஸ்பெல்லிங் தப்பா அடிச்சா அதுவே காட்டிக் குடுத்துடும்” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. வாடகை வீடு, பக்கத்து வீட்டுச் சத்தம், மேனேஜருக்கு மின்னஞ்சல் என்று கேள்வியெல்லாம் அன்றாடம். அங்கே இரண்டு வருடம் இருந்து அந்த உச்சரிப்பு காதில் பழகியவர்களுக்கு இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன். இங்கிருந்து நேராகப் போகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை எழுதிப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிடிஇ எல்லோருக்கும் அல்ல. தட்டச்சு மெதுவாக இருப்பவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம். பேப்பரில் எழுதியே பழகியவர்களும் இரண்டு தடவை யோசியுங்கள். எதிரில் ஆள் இருந்தால்தான் வாய் திறக்கும் என்பவர்களுக்கு ஐயெல்ட்ஸ்தான். பதினொன்று முதல் பதினான்கு நிமிடம் ஒரு மனிதர் கேட்கிறார், நாம் பதில் சொல்கிறோம். புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம். மைக்கிடம் அது நடக்காது.

என் வீட்டுக்காரர் அந்த ரகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் குலதெய்வம் வரை விசாரித்துவிடுவார். மைக்கைக் கொடுத்தால் தொண்டையைச் செருமிக்கொண்டே மூன்று விநாடி போய்விடும். அவருக்கு ஐயெல்ட்ஸே போட்டிருக்கிறோம். துணையாக வருகிறவருக்கு ஒரு பிரிவில் சிஎல்பி 8க்கு மூன்று மதிப்பெண், 9க்கு ஐந்து. அவருடைய அரை பேண்டின் விலை இரண்டே மதிப்பெண். நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்.