பார்த்த படங்களின் கணக்கு: ஸ்டார் தேய்கிறது, தேதி நிற்கிறது

படம் பார்த்ததும் ரேட்டிங் போட்டுப் பதிந்துவைக்கும் பழக்கம் ஆரம்ப மாதங்களில் ஸ்டார்களைச் சுற்றியே ஓடும். மூன்றரையா நாலா என்று யோசிப்பதிலேயே நேரம் போகும். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பழைய பதிவுகளைத் திறந்தால் கதை வேறு. அன்று போட்ட மூன்றரைக்கு என்ன அர்த்தம் என்று போட்டவருக்கே விளங்காது. என்றைக்குப் பார்த்தது, முதல்முறையா மறுமுறையா, எந்தக் காட்சி உறைத்தது என்ற மூன்றும் இருந்தால் மட்டும் படம் அப்படியே கண்முன் வந்து நிற்கும். அதனால் எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பதானாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது தேதியை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைத்தான்.

திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியில் ஒரு படத்துக்கு ஒரே ரேட்டிங்தான், 1 முதல் 10 வரை. இரண்டாம் முறை பார்த்துவிட்டு எண்ணை மாற்றினால் முதல் எண் அழிந்துபோகும். நம் பதிவுகளை மொத்தமாக இறக்கித் தரும் எக்ஸ்போர்ட் கோப்பில் வரும் தேதியும் ரேட்டிங் கொடுத்த தேதிதான், பார்த்த தேதி அல்ல. ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்துக்குப் புதன்கிழமை மார்க் போட்டால் அங்கே புதன்தான் நிற்கும். என்னென்ன பார்த்தோம் என்ற பட்டியல் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை.

2011-இல் நியூசிலாந்தில் தொடங்கிய லெட்டர்பாக்ஸ்ட் என்ற படப் பதிவுத் தளம் டைரி என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. அரை ஸ்டார் முதல் ஐந்து ஸ்டார் வரை பத்துப் படிகள். ஒவ்வொரு டைரிப் பதிவுக்கும் தனித் தேதி, தனி ரேட்டிங், மறுமுறை பார்த்ததற்கான குறி, டேக் (வகை பிரிக்க ஒட்டும் சொல்), குறிப்பு எல்லாம் உண்டு. புதிதாக வருபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கண் சின்னத்தைத் தட்டி 'பார்த்தாயிற்று' என்று குறிப்பதும், தேதியோடு டைரியில் பதிவதும் வேறுவேறு. சின்னத்தை மட்டும் தட்டினால் படம் பார்த்தவை பட்டியலில் சேரும், டைரியில் வராது. தேதிக் கட்டத்தை விட்டுவிட்டு நீளமான விமர்சனம் எழுதினாலும் அப்படியே. ஓராண்டு இப்படித் தட்டிக்கொண்டே வந்தால் மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கும், மாதவாரிக் கணக்கு காலியாகக் கிடக்கும்.

டிராக்ட் என்ற பதிவுச் சேவை வேறு வகை. வீட்டிலுள்ள மீடியா பிளேயரோடு இணைத்துவிட்டால் தானாகவே பதிந்துகொள்ளும். படம் 80 சதவீதத்தைத் தாண்டிய பிறகு நிறுத்தினால் பார்த்ததாகக் கொள்ளும். 150 நிமிடப் படமென்றால் 120 நிமிடம். ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாலும் பார்த்ததாகத்தான் பதியும். முக்கால்வாசியில் நிறுத்தி மறுநாள் வேறொரு கருவியில் முடித்தால், அந்தக் கருவி இணைக்கப்படாததாக இருந்தால் டிராக்டுக்கு எதுவும் தெரியாது. தானியங்கிப் பதிவு சோம்பலுக்கு மருந்துதான். ஆனால் வாரம் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

தேதிக்குச் சில விதிகளை ஆரம்பத்திலேயே வகுத்துக்கொள்வது நல்லது, நடுவில் மாற்றினால் பழைய வரிசை குழம்பும். இரவுக் காட்சி நள்ளிரவைத் தாண்டினால் எந்த நாள்? படம் தொடங்கிய நாள் என்று வைத்துக்கொள்வதே வசதி, ஏனென்றால் நினைவில் அது அந்த இரவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று தவணைகளில் பார்த்த படத்துக்கு மட்டும் முடித்த நாள். பாதியில் விட்ட படத்துக்கு ஸ்டார் வேண்டாம். 'பாதியில்' என்று ஒரு டேக், எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினோம் என்று ஒரு எண், அவ்வளவு போதும். 40 நிமிடத்தில் விட்ட படத்துக்கு ஒன்றரை ஸ்டார் கொடுத்தால், முழுதாகப் பார்த்து ஒன்றரை கொடுத்த படங்களின் மதிப்பும் அதோடு கெட்டுப்போகும்.

ரேட்டிங் ஏன் தேய்கிறது

அளவுகோல் நிலையாக இருப்பதில்லை என்பதுதான் காரணம். 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்து, தன் பரிந்துரை முறையை 10 சதவீதம் மேம்படுத்தச் சொல்லிப் போட்டி வைத்தது. 2009-இல் வென்ற குழுவின் கணக்கில் ரேட்டிங் கொடுத்த தேதிக்கும் பெரிய பங்கு இருந்தது. ஒரே ஆள் ஒரு நாள் தாராளமாகவும் இன்னொரு நாள் கறாராகவும் மார்க் போடுவது அந்தத் தரவில் தெளிவாகவே தெரிந்தது. தனிமனிதப் பதிவிலும் இதைப் பார்க்கலாம். தொடர்ந்து நான்கு மோசமான படங்களுக்குப் பிறகு வரும் சுமாரான படத்துக்கு அரை ஸ்டார் கூடுதலாக விழும்.

இன்னொரு காரணம் முடிவுக் காட்சி. ஓர் அனுபவத்தை அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே மனம் நினைவில் கொள்கிறது என்று டேனியல் கானெமன் போன்ற உளவியலாளர்கள் 1990-களில் காட்டினார்கள். திரையரங்கின் படியிறங்கும்போதே போடும் மார்க் பெரும்பாலும் கடைசி இருபது நிமிடத்துக்கான மார்க். இதற்கு எளிய வழி இருக்கிறது. தேதியையும் குறிப்பையும் அன்றிரவே எழுதிவிட வேண்டும், ஸ்டாரை மறுநாள் காலைக்கு ஒத்திப்போட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும் என்ற கட்டாயம் எந்தச் செயலியிலும் இல்லை.

ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம் எழுதிவைப்பது மிகவும் உதவும். எடுத்துக்காட்டாக: ஐந்து என்றால் எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். நான்கு, கேட்காமலே பிறருக்குச் சொல்வேன். மூன்று, பார்த்ததில் வருத்தமில்லை, மறுபடி வேண்டாம். இரண்டு, ஒன்றிரண்டு காட்சிகள் மட்டும் தேறும். ஒன்று, முடித்ததே பெரிது. 'நன்று', 'மிக நன்று' போன்ற சொற்களுக்குக் காலப்போக்கில் பொருள் மாறும். 'மறுபடி பார்ப்பேனா' என்ற கேள்விக்கான பதில் அவ்வளவு எளிதில் மாறாது. நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 73-க்கும் 76-க்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்த மாதம் யாராலும் விளக்க முடியாது. பத்துப் படிகளே அதிகம் என்று தோன்றினால் அரைகளை விட்டுவிட்டு ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தரமும் பிடித்தமும் ஒன்றல்ல என்பதையும் பதிவில் பிரித்துக் காட்ட வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் ஸ்டார்களைக் கைவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறியது. உயர்வாக மார்க் போடும் படங்கள் வேறு, உண்மையில் உட்கார்ந்து பார்க்கும் படங்கள் வேறு என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள். லெட்டர்பாக்ஸ்டில் இதயச் சின்னம் ஸ்டாரிலிருந்து தனியாக இருப்பது இதற்குத் தோதானது. மூன்று ஸ்டாரும் இதயமும் சேர்ந்த படங்களைச் சில ஆண்டுகள் கழித்து வடிகட்டிப் பாருங்கள். சொந்த ரசனை அந்தப் பட்டியலில்தான் இருக்கும், ஐந்து ஸ்டார் பட்டியலில் ஊரே சேர்ந்து நிற்கும்.

குறிப்பு எழுதும் முறை

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், அது எங்கும் கிடைக்கும். 'நடிப்பு அருமை, இரண்டாம் பாதி தொய்வு' என்பதும் வீண், பாதிப் படங்களுக்கு அதை ஒட்டிவிடலாம். வேறெந்தப் படத்துக்கும் பொருந்தாத ஒரு வாக்கியம் வேண்டும். 'மகன் கடிதத்தைப் பிரிக்கும்போது கேமரா அவன் கையைக் காட்டாமல் அடுப்பைக் காட்டுகிறது' என்று இருந்தால் பத்தாண்டுக்குப் பிறகும் அந்தக் காட்சி திரும்ப வரும். இதற்கு 90 நொடிக்கு மேல் ஆகக்கூடாது. ஐந்து நிமிடம் பிடிக்கும் முறையை யாரும் ஒரு வருடம் தொடர்வதில்லை. நீண்ட விமர்சனம் எழுதும் ஆசை பலருடைய பதிவை மூன்றாவது மாதத்தில் நிறுத்தியிருக்கிறது: எழுதாத நான்கு படங்கள் சேர்ந்துவிடும், பாரம் கூடும், செயலியைத் திறக்கவே மனம் வராது. அப்படிச் சேர்ந்துவிட்டால் தேதிகளை மட்டும் போட்டுவிட்டு, குறிப்புகளை விட்டுவிட்டு மேலே போய்விடுவதே சரி.

பழைய படங்களை ஏற்றும்போது

பதிவு தொடங்குவதற்கு முன் பார்த்த நூற்றுக்கணக்கான படங்களை என்ன செய்வது? பார்த்தவை என்று குறியுங்கள், தேதி போடாதீர்கள். தோராயமாக ஜனவரி 1 என்று போட்டால் ஒரே நாளில் 60 படம் பார்த்ததாக வரும். அதை நீக்குவதற்கு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருக்கும். ஸ்டாரும், ஒரு காட்சியையாவது விவரிக்க முடிகிற படங்களுக்கு மட்டும். ஒரே மூச்சில் 300 படத்துக்கு மார்க் போட்டால் கடைசி நூறு களைப்பில் போட்ட மார்க்காக இருக்கும். ஒரு நாளைக்கு ஓர் இயக்குநர் அல்லது ஒரு நடிகர் என்று இருபது முப்பதோடு நிறுத்துவது மேல்.

உண்மையான பழைய தேதிகள் சில இடங்களில் கிடைக்கும். டிக்கெட் முன்பதிவுக்கு வந்த மின்னஞ்சல்களைத் தேடலாம். நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் பார்த்தவற்றின் வரலாற்றைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த பட்டியலாக) இறக்கலாம். அந்தப் பட்டியலில் கொஞ்சம் பார்த்து விட்டவையும் வீட்டிலுள்ள மற்றவர்கள் அதே பிரொஃபைலில் பார்த்தவையும் கலந்திருக்கும் என்பதால் கையால் களையெடுத்தே தீர வேண்டும்.

சொந்த ஷீட்டும் அதன் கண்ணிகளும்

எந்தச் செயலியில் எழுதினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்போர்ட் எடுத்துச் சொந்த ஷீட்டில் (எக்செல் போன்ற அட்டவணையில்) சேர்த்துவிட வேண்டும். லெட்டர்பாக்ஸ்ட் தன் படத் தகவல்களை டிஎம்டிபி என்ற, பயனர்கள் சேர்ந்து திருத்தும் தளத்திலிருந்து எடுக்கிறது. அங்கே ஒரு பக்கம் நீக்கப்பட்டாலோ தொடர் பகுதிக்கு மாற்றப்பட்டாலோ இங்கேயும் பாதிப்பு வரும். குறும்படம், மினி தொடர், மேடை நிகழ்ச்சி ஆகியவற்றில் இது அதிகம்.

இறக்கும் ஜிப் கோப்புக்குள் டைரி, ரேட்டிங், விமர்சனம், பார்த்தவை, வாட்ச்லிஸ்ட் எல்லாம் தனித்தனிச் சிஎஸ்வியாக இருக்கும். டைரிக் கோப்பில் இரண்டு தேதிகள் வரும்: முதலில் வருவது பதிவிட்ட தேதி, கடைசியில் வருவது பார்த்த தேதி. அவசரத்தில் முதலாவதை எடுத்துக்கொண்டு மொத்த ஷீட்டையும் தவறாகக் கட்டுபவர்கள் உண்டு.

அடுத்தது எக்செல். சிஎஸ்வியை இருமுறை கிளிக் செய்து திறந்தால் தமிழ்க் குறிப்புகள் பெரும்பாலும் கிறுக்கலாகத் தெரியும், ஏனென்றால் கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருப்பதை எக்செல் தானாக ஊகிப்பதில்லை. டேட்டா மெனுவில் உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வழியில் போய் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கிறுக்கலாகத் திறந்த கோப்பைச் சேமித்துவிட்டால்தான் ஆபத்து, பழைய எழுத்து திரும்ப வராமல் போகலாம். தேதி இன்னொரு கண்ணி. நாள்-மாதம்-ஆண்டு என்று எழுதிய கோப்பை மாதம் முதலில் வரும் கணினியில் திறந்தால், 12-க்குள் இருக்கும் நாட்கள் சத்தமில்லாமல் மாதமாக மாறும், 12-க்கு மேற்பட்டவை வெறும் எழுத்தாக நிற்கும். கட்டத்தில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். 2023-05-04 என்று ஆண்டை முதலில் எழுதும் பழக்கம் இந்தத் தொல்லையை ஒழிக்கும். லெட்டர்பாக்ஸ்டில் மீண்டும் ஏற்றுவதற்கும் அந்த வடிவம்தான் வேண்டும். எண்ணையே பெயராகக் கொண்ட படங்களின் தலைப்பை எக்செல் எண்ணாக்கிவிடும் என்பதால் தலைப்பு நெடுவரிசையை முன்கூட்டியே எழுத்து வடிவத்தில் வைத்துவிடுங்கள்.

தலைப்பை மட்டும் நம்ப முடியாது. பில்லா என்றால் 1980-ஆ 2007-ஆ? ஆண்டு சேர்த்தாலும் எப்போதும் தீராது: காசாபிளாங்காவின் முதல் காட்சி 1942 நவம்பரில், பரவலான வெளியீடு 1943 ஜனவரியில். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தேடும்போது ழகரமும் நெடிலும் ஒவ்வொரு தளத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஐஎம்டிபி எண்ணை ஒரு நெடுவரிசையில் வைப்பதே உறுதியான வழி. படத்தின் பக்க முகவரியில் இரண்டு ஆங்கில எழுத்துக்குப் பின் வரும் ஏழு அல்லது எட்டு இலக்கம் அது. எந்தச் சேவைக்கு மாறினாலும் அந்த எண் இருந்தால் படம் தவறாது. குறிப்பில் காற்புள்ளி இருந்தால் முழுக் குறிப்பும் இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்ச வாக்கியம் அடுத்த நெடுவரிசைக்குள் போய் உட்காரும்.

மறுமுறை பார்த்த படத்துக்குப் புதிய வரி சேருங்கள், பழைய வரியைத் தொடாதீர்கள். இரண்டு வரிகளுக்கும் இடையில் ஸ்டார் மாறியிருந்தால், ஏன் மாறியது என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். அந்த வரிகள்தான் முழு ஷீட்டிலும் திரும்பத் திரும்பப் படிக்கத் தூண்டுபவை.

எண்ணிக்கைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறும்படங்களைத் தனியாக எண்ணுங்கள். ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம், அந்தக் கோடே போதும். ஓர் இயக்குநரின் சராசரியைப் பார்க்கக் குறைந்தது மூன்று படமாவது இருக்கட்டும். ஆண்டுக்கு இத்தனை படம் என்ற இலக்கு வேண்டாம். டிசம்பர் வந்ததும் 80 நிமிடப் படங்களைத் தேடிப் போக வைக்கும்.

டிக்கெட் சேர்ப்பவர்களுக்கு ஒன்று. கவுன்டரில் அச்சாகும் டிக்கெட் பெரும்பாலும் வெப்பத்தால் கறுக்கும் தாள். வெளிச்சத்திலும் சூட்டிலும் சில ஆண்டுகளில் எழுத்து வெளுத்துவிடும். சூடாக்கி லேமினேட் செய்தால் தாள் முழுவதும் கறுத்துப்போகும். அன்றே படமெடுத்து, கோப்புக்குத் தேதியையே பெயராக வைத்துவிட்டு, டிக்கெட்டின் பின்புறம் பென்சிலால் படத்தின் பெயரையும் நாளையும் எழுதி வையுங்கள்.