கொழிஞ்சாம்பாறை லேத்தும் பொள்ளாச்சிக் கடையும்

பொங்கல் முடிந்த மறுவாரம் ஊருக்குப் போயிருந்தேன். இருபத்திரண்டு நாள் லீவு. அதில் நாலு நாள் ஒரு கிரீஸ் கன் (இயந்திர மூட்டுகளுக்குள் கிரீஸை அழுத்தி ஏற்றுகிற கைக்கருவி) பின்னால் அலைந்தேன். வெளிநாட்டிலிருந்து ஊருக்குச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவட்டும் என்று அந்த நாலு நாள் கதையை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் எருத்தேம்பதிப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பழைய கொச்சி சமஸ்தானத்துப் பகுதி, 1956ல் கேரளத்துக்குள் வந்தது. ரேஷன் கார்டும் பஸ் போர்டும் மலையாளத்தில் இருக்கும். வீட்டிலும் காட்டிலும் பேசுவது கொங்குத் தமிழ். பாலக்காட்டின் நெல்வயல் பச்சையை எங்கள் பக்கம் தேடக் கூடாது. மழை குறைவு, மண் கரிசல். அந்தக் கரிசல் மண் இந்தக் கதைக்கு முக்கியம். ஈரத்தில் பசை மாதிரி ஒட்டும், காய்ந்தால் கல்லாக இறுகும். டிராக்டரில் கிரீஸ் ஏற்றுகிற சின்ன முனையான நிப்பிளின் வாயில் அது இறுகிவிட்டால் ஆணி வைத்துத்தான் நோண்ட வேண்டும்.

போன மூன்றாம் நாள் காலையில் ஷெட்டுக்குப் போனேன். பெரியப்பா மகன் அண்ணன், டிராக்டரின் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டருக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். டிராக்டரின் சுழற்சியை அதற்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. சாஃப்ட்டின் கிராஸில் (சிலுவை வடிவ மூட்டில்) கன்னை மாட்டி, பத்துப் பதினைந்து தடவை லீவரை அடித்து, வழிந்ததைத் துணியில் துடைத்துவிட்டு, "ஆச்சு" என்றார். ஒரே வருஷத்தில் அந்த கிராஸ் இரண்டு தடவை உடைந்திருக்கிறது என்று முந்தின நாள் ராத்திரிதான் சொல்லியிருந்தார். குனிந்து பார்த்தேன். கிராஸின் நாலு முனையிலும் உள்ள பேரிங் கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரித் துருத்தூள். பேரிங் உள்ளே வறண்டு அரைகிறது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம்.

"அண்ணா, உள்ள ஒரு சொட்டுப் போகலீங்க. எல்லாம் வெளியதான் வழியுது."

"தினமும் அடிக்கறனேப்பா" என்றார். குரலில் அவ்வளவு வருத்தம். தினமும் அடித்தது உண்மைதான். கன் ஏமாற்றியிருக்கிறது.

அந்தக் கன் 2019ல் நான் கனடாவின் பிராம்ப்டனிலிருந்து வாங்கிக் கொடுத்தது. அங்கே லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். நாங்கள் கையில் வைத்திருப்பது போலவே நல்ல கன்னாகப் பார்த்துத் தேடி வாங்கினேன். பெட்டி எடை கூடுகிறது என்று அட்டைப் பெட்டியையும் விவரத் தாளையும் அங்கேயே போட்டுவிட்டு, கன்னை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

கிரீஸ் போகவில்லை என்றால் கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம்: கன், கிரீஸ், நிப்பிள். இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் காசுதான் போகும். அண்ணனிடம் புது நிப்பிள் ஒன்று வாங்கி, வண்டியில் மாட்டாமல் வெறும் கையில் வைத்து, கன்னின் வாயை அதில் கவ்வவிட்டு அடித்தேன். நிப்பிளின் மறுபக்கத்தில் கிரீஸ் கயிறு போலச் சீராக வர வேண்டும். அது விட்டுவிட்டு, எச்சில் தெறிப்பது போல வந்தது. ஏர் பிடித்திருக்கிறது. போர் மோட்டாருக்கு வருகிற அதே நோய்தான். கிரீஸ் நிற்கிற குழாயான பேரலை, லீவர் இருக்கிற தலையிலிருந்து ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, லீவரை மெதுவாக ஏழெட்டுத் தடவை அடித்து, காற்று வெளியேறியபின் இறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். காற்று விடுவதற்கென்றே தலையில் சின்னத் திருகு இருக்கிற கன்களில் அதைத் தளர்த்தினால் போதும்.

காற்றை எடுத்தபின் கிரீஸ் வந்தது. ஆனால் நிப்பிளை அடைத்துப் பிடித்து அடித்தால், கையை விட்டதும் லீவர் தானாகத் திரும்பி மேலே வந்தது. அனுப்பின கிரீஸ் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். தலையில் ஹோஸ் மாட்டும் இடத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். டீசலில் கழுவினோம். குண்டு உட்காரும் இடத்தில் உளுந்து முனை அளவுக்கு ஒரு மண் துணுக்கு. அது எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டாம்: ஷெட் மூலையில் ஐந்து கிலோ கிரீஸ் டப்பா மூடி இல்லாமல் இருந்தது, மேலே காற்றில் பறந்த கரிசல் படிந்திருந்தது. அடியில் எண்ணெய் தனியாகப் பிரிந்து, மேல்பகுதி காய்ந்து போயிருந்தது. அதை விரலால் வழித்துத்தான் பேரலில் அடைத்திருக்கிறார்கள். வழித்து அடைத்தால் ஒவ்வொரு விள்ளலுக்கும் இடையில் காற்று நிற்கும்.

பேரலின் உள்ளே இன்னொன்று கிடைத்தது. பின்பக்கத்துக் கம்பியின் நுனியில் கிரீஸை முன்னால் தள்ளுகிற ரப்பர் கப் இருக்கும். கனடாவில் நாங்கள் 400 கிராம் ட்யூப்களாகக் கிரீஸ் வாங்கி அப்படியே பேரலில் சொருகுவோம். இங்கே டப்பாவிலிருந்து லூஸ் கிரீஸ். ட்யூபுக்கு ஒரு பக்கமாகவும் லூஸுக்கு மறுபக்கமாகவும் அந்த ரப்பரின் உதட்டைத் திருப்பி வைக்க வேண்டும். என் கன்னில் அது ட்யூபுக்கான பக்கமாகவே ஐந்தாறு வருஷம் இருந்திருக்கிறது. பாதிக் கிரீஸ் ரப்பருக்குப் பின்னால் கிடந்தது. நான் தூக்கிப்போட்ட அந்தத் தாளில் இது இருந்திருக்கும். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ரப்பரைத் திருப்பி, பேரலைத் துடைத்து, புது டப்பா வாங்கி, பேரலின் திறந்த வாயைக் கிரீஸில் அமுக்கிக் கம்பியைப் பின்னால் இழுத்து உறிஞ்சி நிரப்பினோம். இப்போதும் ஹோஸும் வாயும் சேரும் மரையில் வழிந்தது. பழைய வாய் தேய்ந்துபோய் அண்ணன் உள்ளூரில் புது வாய் வாங்கி டெஃப்லான் டேப் சுற்றி மாட்டியிருந்தார். பக்கத்து ஊர்க் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். "எல்லாம் ஒரே மரைதாங்க, டேப் இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க" என்று சொல்லி, இன்னொரு வாயும் ஒரு இணைப்பும் விற்றார்கள். முந்நூற்று எண்பது ரூபாய். மாலைக்குள் அதுவும் வழிந்தது. பணத்தைக்கூட விட்டுவிடலாம்; அளந்து பார்க்காமலே ஒரே மரை என்று சொன்னதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் கொழிஞ்சாம்பாறையில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனோம். அறுபது வயதுக்காரர், ஒற்றை லேத்து, வாசலில் போர் பைப்புகள். நான் பேச வாயெடுக்கும் முன் கன்னை வாங்கி, வழிகிற இடத்தைக் காட்டுவதற்காக விரல் வைத்து அமுக்கிக்கொண்டிருந்த அண்ணனின் கையைத் தட்டிவிட்டார்.

"விரலை எடுங்க தம்பி. தோலுக்குள்ள ஏறிச்சுன்னா ஆஸ்பத்திரிதான்."

இதை எல்லாரும் படிக்க வேண்டும். கார் டயரில் முப்பது, முப்பத்தைந்து பி.எஸ்.ஐ. காற்றுப் பிடிப்போம். லீவர் கன் பலவற்றில் 10,000 பி.எஸ்.ஐ. வரை என்று போட்டிருக்கும். ஹோஸில் ஊசி முனை ஓட்டை இருந்தால் அந்த அழுத்தத்தில் கிரீஸ் விரலுக்குள் பாயும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் பெரிய வலிகூட இருக்காது. அதனால்தான் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகக் கூடாது. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து சுத்தம் பண்ணவில்லை என்றால் விரலே போகலாம்.

அவர் மேசை டிராயரிலிருந்து திரெட் கேஜ் எடுத்தார். சீப்பு மாதிரிப் பல் உள்ள தகடுகள். ஹோஸ் முனையின் மரைமேல் ஒரு தகட்டை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "பாருங்க" என்றார். முதல் சில பல் சரியாக உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் தகடு மெல்ல ஏறி, மரைக்கும் பல்லுக்கும் நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தது. அது இருபத்தெட்டுத் தகடு. அடுத்து இருபத்தேழை வைத்தார். ஒரு கோடு வெளிச்சம் இல்லை.

இதுதான் விஷயம். இங்கே வாங்கின வாய் 1/8 பி.எஸ்.பி. என்கிற பிரிட்டிஷ் அளவு, அங்குலத்துக்கு 28 மரை. நான் கொண்டுவந்த அமெரிக்க வகைக் கன்னில் 1/8 என்.பி.டி. என்கிற அமெரிக்க அளவு, அங்குலத்துக்கு 27 மரை. மரைப் பல்லின் கோணமும் வேறு. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், கையால் இரண்டு மூன்று சுற்று ஏறும், அப்புறம் இறுகும். நன்றாக இறுகிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் இரண்டு மரையும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கும், சுருள் வழியாகக் கிரீஸ் ஊர்ந்து வெளியே வரும். எத்தனை டேப் சுற்றினாலும் அந்த அழுத்தத்துக்கு நிற்காது. எம்10 என்கிற மெட்ரிக் மரை உள்ள கன்களும் உண்டு. அதுவும் 1/8 பி.எஸ்.பி.யும் கிட்டத்தட்ட ஒரே பருமன். பெரிய ஓட்டையில் சின்ன மரையைத் திணித்தால் அடிக்கும்போது பிடுங்கிக்கொண்டு பறக்கும். கன்னோ ஹோஸோ வாங்கும்போது முதல் கேள்வி மரை என்னவென்றுதான் இருக்க வேண்டும்.

"ஒரு பக்கம் இருபத்தேழு, ஒரு பக்கம் இருபத்தெட்டு போட்டு இணைப்பு கடைஞ்சு குடுத்துருவீங்களாங்க?" என்று கேட்டேன்.

முடியும் என்றார். ஆனால் உடனே செய்யவில்லை. லீவரைக் கழற்றி, தலைக்குள் மேலும் கீழும் போகிற பிளஞ்சரை உருவி எடுத்து, என் கையில் கொடுத்து, "நகத்துல தடவுங்க" என்றார். நீளவாக்கில் கீறல்கள். நகம் தட்டியது. மண் கலந்த கிரீஸ் செய்த வேலை. அந்த இடத்தில் ரப்பர், வாஷர் எதுவும் கிடையாது. இரும்புக்கு இரும்பு நெருங்கி நிற்பதுதான் அடைப்பு. கீறல் விழுந்தால் அழுத்தம் பின்பக்கமாகக் கசிந்துவிடும்.

"இதை நான் லேத்துல போட்டுத் தேச்சா கம்பி சிறுத்துரும், ஓட்டை பெருசாவே இருக்கும். இணைப்புக்கு நீங்க குடுக்கற காசு வீண். இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க."

அரை மணி நேரம் பார்த்ததற்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. பீடி அட்டையைக் கிழித்து, "லீவர் கன், லூஸ் கிரீஸ், 1/8 பி.எஸ்.பி., ஸ்பேர் கிடைக்கணும்" என்று எழுதிக் கொடுத்தார். நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு கன் கெட்டால் பிளஞ்சரை உருவிப் பார்க்க யாரும் நேரம் கொடுக்க மாட்டார்கள், குப்பையில் போய்விடும். எது ரிப்பேர் ஆகும், எது ஆகாது என்று கையில் எடுத்துப் பார்த்துச் சொல்கிற மனிதர் எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

வண்ணாமடை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போனோம். டிராக்டர் ஸ்பேர்ஸ் கடை. அட்டையைப் பார்த்ததும் கடைப் பையன், "லூஸுதானுங்களே? எத்தனாம் நம்பர் கிரீஸுங்க?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி. எண் கூடக்கூடக் கிரீஸ் கெட்டி. எங்கள் வெயிலில் 3ஆம் நம்பரும் ஓடும், ஆனாலும் லீவர் கன்னுக்கு 2 தான் சுலபமாக இறங்கும். அண்ணன் டப்பா 2. பழையதில் மிச்சமிருந்தது எந்த வகை என்று தெரியாததால் அதை முழுக்க வழித்து எறிந்திருந்தோம். சேராத வகைகள் கலந்தால் கிரீஸ் இளகி ஓடிவிடும், அல்லது இறுகும்.

கடை மேசையில் ஒரு தகட்டில் நிப்பிள் வெல்டு வைத்திருந்தார்கள், பின்பக்கம் அடைத்தது. கன்னில் கிரீஸ் நிரப்பி, அதில் மாட்டி, லீவர் கல்லாகும்வரை அடித்துவிட்டு, பையன் கையை எடுத்து ஒதுங்கி நின்றான். லீவர் அசையவில்லை. மரையில் ஈரம் இல்லை. முதலில் எடுத்த கன் இந்தச் சோதனையில் லேசாகக் கசிந்தது. அதை அவனே ஒதுக்கிவிட்டு வேறொன்று எடுத்தான். கன் ஆயிரத்து இருநூறு. தனியாக ஒரு ஹோஸ், இரண்டு வாய், ஒரு ரப்பர் கப், பத்து நிப்பிள் வாங்கிக்கொண்டோம். எல்லா உதிரியும் அதே கடையில் அலமாரியில் இருந்தது. போன வருஷம் அண்ணன் ஆன்லைனில் ஒரு கன் வாங்கி ஒரு மாதத்தில் லீவர் பின் வளைந்துபோய், மாற்றுப் பின் எங்கேயும் கிடைக்காமல் போட்டுவிட்டார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கருவி எதுவும் பெட்டியில் வைக்க மாட்டேன். காசை எடுத்துக்கொண்டு இந்தக் கடைக்குத்தான் போவேன்.

மறுநாள் காலை கிராஸுக்கு அடித்தோம். நிப்பிளை முதலில் துணியால் துடைத்தோம். துடைக்காமல் மாட்டினால் வாயில் இருக்கிற மண்ணை நாமே உள்ளே தள்ளுகிறோம். நாலு அடியில் ஒரு கப்பின் சீலில் கருப்பாகப் பழைய கிரீஸ் பிதுங்கியது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. நாலாவது கப் வறண்டே இருந்தது. மூன்று போதும் என்று விடக் கூடாது. உடைவது அந்த நாலாவதுதான். அண்ணன் சாஃப்ட்டைக் கால் சுற்றுத் திருப்பிப் பிடித்து லேசாக ஆட்டினார், நான் மெதுவாக அடித்தேன். ஆறாவது அடியில் துருச் சிவப்பில் ஒரு கோடு வந்தது. பிறகு கருப்பு. பிறகு புதுக் கிரீஸ். நேராக இழுக்காமல் பக்கவாட்டில் சாய்த்ததும் வாய் நிப்பிளை விட்டது. அண்ணன் டப்பாவை மூடி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, சைக்கிள் ட்யூப் வளையத்தால் இறுக்கிக் கட்டினார்.