தண்ணீர்த் தொட்டி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: என் 1,65,000 ரூபாய் போய்விட்டது

தோட்டத்தில் பெரிய தொட்டி வைக்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று முன்தினம் விடியற்காலையில் என் தொட்டியின் தார்ப்பாய் ஒட்டுப் பிரிந்து அத்தனை தண்ணீரும் பக்கத்து உளுந்துக் காட்டுக்குள் போய்விட்டது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

விளாத்திகுளம் பக்கம் எங்கள் தோட்டம். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் நூல் போலத்தான் வரும். இரவெல்லாம் சேர்த்துவைத்துக் காலையில் சொட்டுநீரில் விட்டால்தான் 200 கொய்யாக் கன்றுகள் பிழைக்கும். அதற்காகத்தான் 50,000 லிட்டர் தொட்டி. தகடுகளை வளையமாக முடுக்கி உள்ளே தார்ப்பாய் விரிப்பார்களே, அந்த வகை. 1,65,000 ரூபாய். மிளகாய் விற்ற பணம் போதாமல் அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது.

இணையத்தில் வீடியோ போட்டு விற்கிற ஆள். சித்திரை வெயிலில் நேரிலேயே வந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ஒரு கரிசல் கட்டியை எடுத்து மண்வெட்டியில் தட்டிக் காட்டினார். "சத்தத்தைக் கேட்டீர்களா அண்ணாச்சி, கல் மாதிரி இருக்கிறது. இதற்கு எதற்குக் கிராவலும் கான்கிரீட்டும்? வீண் செலவு" என்றார். நம் செலவைக் குறைக்கப் பார்க்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் முழுப் பணத்தையும் அன்றே அனுப்பிவிட்டேன். கரிசல் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பி இளகும். இங்கே பிறந்த எனக்கு அது தெரியாதா? 50,000 லிட்டர் என்றால் 50 டன் பாரம். தெரிந்தும் தலையாட்டினேன், அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

முதல்முறை நிரப்பியபோதே அடியில் கசிவு. "புதிதில் அப்படித்தான், தானாக நின்றுவிடும்" என்றார். மண் இளகி மேற்குப் பக்கம் நான்கு விரற்கடை இறங்கியது. படம் அனுப்பினேன். "எலி கடித்திருக்கும்" என்றார். வியாழக்கிழமை ஆள் வருவான் என்றார். மூன்று வியாழக்கிழமைகள் வாசலிலேயே காத்திருந்தேன். கடைசியில், "உத்தரவாதம் தார்ப்பாய்க்குத்தான், தரைக்கு இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை.

வெறும் தொட்டிக்குள் இறங்கி நாடா பிடித்தேன். குறுக்களவு 18 அடி இருக்க வேண்டும், இருந்தது 16. உயரம் 7 அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 40,000 லிட்டர்கூட வரவில்லை. ரசீதில் அளவே இல்லை, 'தண்ணீர்த் தொட்டி - 1' என்று மட்டும் இருக்கிறது. 1,65,000 ரூபாய்க்கு அந்த ஒற்றை வரிதான் அத்தாட்சி.

கரிசலாக இருந்தால் மேல்மண்ணை எடுத்து, கிராவல் கொட்டி இடித்து இறுக்காமல் தொட்டியை நிறுத்த விடாதீர்கள். அளவையும் தார்ப்பாயின் கனத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். முழுவதும் நிரப்பி ஒரு வாரம் நிற்கும்வரை மூன்றில் ஒரு பங்குப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், நான் சொல்லிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. விலைக்கு வாங்கிய தண்ணீரோடு டிராக்டர் வந்துவிட்டது, கன்றுகளுக்குக் குடத்தில்தான் ஊற்ற வேண்டும்.