பெரிய எழுத்து வேதாகமம்: 25 நாள் பஸ் பயணத்துக்குப் பிறகு

அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய வேதாகமத்தின் பொடி எழுத்தைச் சில வருடங்களாகப் பாதி கண்ணாலும் பாதி மனப்பாடத்தாலும் வாசித்து வந்தேன். போன ஐப்பசியில் என் மனைவிக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அது ஆறியதும் 25 நாள் கதிர்வீச்சு என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள், கோயம்புத்தூரில். அங்கே அறை எடுத்துத் தங்க வசதியில்லை, கோத்தகிரியிலிருந்து தினமும் போய் வந்தோம். அதற்கு முந்திய வாரம் ஊட்டியில் வாங்கியது இந்தப் பெரிய எழுத்துப் பதிப்பு. பழைய மொழிபெயர்ப்புதான், ஜிப் வைத்த உறை.

எழுத்து நன்றாக இருக்கிறது. கண்ணாடி இல்லாமல், ஆஸ்பத்திரி வராந்தாவின் மங்கிய விளக்கில் வாசிக்க முடிந்தது. வாங்கும்போது யோசிக்காத பயன் ஒன்றும் உண்டு: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் வாசிக்கலாம். ஆளுக்கொரு வசனமாக, ஆராதனையில் மாறி மாறி வாசிப்பதுபோல நாங்கள் வாசித்தோம். செல்போனிலும் வேதாகமம் வைத்திருக்கிறேன். ஆனால் பாதி வசனத்தில் யாராவது கூப்பிட்டு "அண்ணே, அண்ணிக்கு எப்படி இருக்கிறது" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் நாள் அவளை உள்ளே அழைத்துப்போய்க் கதவை மூடியதும் எனக்கு ஜெபம் வரவில்லை. நாற்பது வருடம் முழங்காலில் நின்றவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. புத்தகத்தைத் திறந்தேன், 13ஆம் சங்கீதம் (வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களில் ஒன்று). ஆறே வசனம், முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை 'எதுவரைக்கும்' வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" ஆண்டவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அவருடைய புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறதே, கேட்டுவிட்டேன். 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம், கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. அதையும் வாசித்தேன். (விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று வீட்டுக்கு வந்து சொன்ன ஒருவருக்குக் காபி கொடுத்து வாசலோடு அனுப்பிவிட்டேன்.)

பஸ்ஸுக்கு ஏற்றவை 120 முதல் 134 வரை உள்ள ஆரோகண சங்கீதங்கள். பதினைந்தும் ஏறக்குறையச் சிறியவை, எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியவை என்பார்கள். இரண்டாம் நாள் காலையில், வண்டி கிளம்புமுன், "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று 121ஐ ஆரம்பித்தேன். என் மனைவி, "என்னங்க, நாம் மலையை விட்டு இறங்கப்போகிறோம். அதைத் திரும்பி வரும்போது வாசியுங்கள்" என்றாள். அன்றிலிருந்து 121க்கு இடம் மேட்டுப்பாளையம் பஸ் நிலையம். வளைவு தொடங்கிவிட்டால் வாசிக்கக் கூடாது. குமட்டல் அவளுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது.

இனி குறைகள். கனம் அதிகம், சோற்று டப்பாவும் மருத்துவக் கோப்பும் இருக்கிற பையில் இதையும் வைத்தால் தோள் இறங்கிவிடும். எழுத்துதான் பெரிது, அடிக்குறிப்புகள் பழைய பொடிதான். தாள் மெல்லியது, மறுபக்கத்து வரி தெரிகிறது. கோத்தகிரி மூடுபனிக்கு ஓரங்கள் ஊறி, பொன் பூச்சு கட்டைவிரலில் ஒட்டுகிறது. பாலித்தீன் உறைக்குள் வையுங்கள். ஜிப் பதினோராம் நாளே மாட்டிக்கொண்டது. வாங்கிய கடையில் கேட்டதற்கு, புத்தகத்துக்குத்தான் பொறுப்பு, உறைக்கு இல்லை என்றார்கள். தையற்காரர் ஒருவர் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. வாங்குகிறவர்கள் ஜிப் இல்லாததைக் கேளுங்கள்.

அடையாள நாடா ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள், இரண்டு பேர் வாசிக்கும் வீட்டுக்கு அது போதாது. நாடாவை அவள் எடுத்துக்கொண்டு 119இல் வைத்திருக்கிறாள், 176 வசனம். அடுத்த பரிசோதனை வரைக்கும் வரும் என்கிறாள். 13இல் என்னுடைய பழைய பஸ் டிக்கெட் இருக்கிறது.