அடிவயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டும் புற்றுநோய் பயமும்: எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் 'புற்றுநோய்' என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. 'புற்றுநோய் இல்லவே இல்லை' என்றும் எழுதியிருக்காது. ஸ்கேன் காட்டுவது உருவத்தை மட்டுமே: அளவு, சுவர், உள்ளே இருப்பது நீரா சதையா, ரத்த ஓட்டம் எவ்வளவு. புற்றுநோயை உறுதி செய்வது மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்கும் திசு. ஆகவே ரிப்போர்ட்டைப் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த உருவத்துக்கு ஆபத்து வாய்ப்பு எவ்வளவு, அடுத்து எந்தச் சோதனை அதைத் தெளிவாக்கும்?" என்பதே. ஒவ்வொரு ஸ்கேனும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. தவறான சோதனையைத் தேர்ந்தால் பணமும் போகும், பயமும் தீராது. இங்கே கர்ப்பப்பை, சினைப்பை பற்றி மட்டும் பார்க்கிறோம்.

வயிற்றின் மேல் ஸ்கேனா, உள்வழி ஸ்கேனா?

வயிற்றின் மேல் வைக்கும் கருவி சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் வேலை செய்கிறது. ஆழம் வரை போகும், நுணுக்கம் குறைவு. பிறப்புறுப்பு வழியாகச் செலுத்தும் மெல்லிய கருவி சுமார் 5 முதல் 9 மெகாஹெர்ட்ஸ். சினைப்பைக்குச் சில சென்டிமீட்டர் அருகில் நின்று பார்ப்பதால் கட்டிக்குள் இருக்கும் 3 மி.மீ. முளைகூடத் தெரியும். ஆனால் தொலைவில் இருப்பது அதன் எல்லைக்குள் வராது.

தயாரிப்பும் நேர் எதிர். வயிற்று ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பே சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறையாவிட்டால் குடல் வாயு படத்தை மறைக்கும். அளவுக்கு மீறி நிறைந்தாலும் கெடுதல்தான்: கர்ப்பப்பை நசுங்கி, சினைப்பை ஓரமாகத் தள்ளப்படும். உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். கருவிக்கு உறை போட்டு ஜெல் தடவித்தான் செலுத்துவார்கள். அழுத்தம் தெரியும், கடும் வலி இருக்கக் கூடாது. வலித்தால் நிறுத்தச் சொல்லலாம், பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். தாம்பத்திய உறவு இல்லாதவர்களுக்கு இதைப் பொதுவாகச் செய்வதில்லை. வயிற்று ஸ்கேன் தெளிவில்லை என்றால் அவர்களுக்கு மலக்குடல் வழி ஸ்கேனோ எம்ஆர்ஐயோ இருக்கிறது.

புற்றுநோய் சந்தேகத்துக்கு உள்வழி ஸ்கேன்தான் மேல். என்றாலும் 10 செ.மீ. தாண்டிய கட்டி இடுப்பெலும்புக்கு மேலே ஏறி நின்றால் அதன் மேற்பாதி உள்வழியில் தெரியாமல் போகும். அதனால் இரண்டையும் ஒரே அமர்வில் செய்வதே சரி. வயிற்று ஸ்கேனை மட்டும் வைத்து "சிக்கலான கட்டி" என்று எழுதியிருந்தால், அறுவை பற்றிப் பேசுவதற்கு முன் உள்வழி ஸ்கேன் கேளுங்கள்.

மாதவிடாய் இருப்பவர்கள் போக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் ஸ்கேன் எடுப்பது நல்லது. 20ஆம் நாளில் எடுத்தால் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கட்டி, சுற்றிலும் ரத்த ஓட்டத்தோடு பளிச்சென்று தெரியும். அது இயல்பானது, பார்க்க மட்டும் பயமுறுத்தும். அந்த நேரத்தில் சிறிதளவு நீர் தேங்கியிருப்பதும் சகஜம். மாதவிடாய் நின்றவர்களின் ரிப்போர்ட்டில் "சினைப்பை தெரியவில்லை" என்று இருந்தால் பதற வேண்டாம். சுருங்கிய சினைப்பை பல நேரம் கண்ணில் படாது.

ஒரே அளவு, இரண்டு வயது

ரிப்போர்ட்டில் வரும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. மாதவிடாய் உள்ளவரா, நின்றவரா என்பது தெரியாமல் அதைப் படிக்க முடியாது.

சினைப்பையில் மெல்லிய சுவரும் உள்ளே தெளிந்த நீரும் மட்டுமே உள்ள கட்டியை எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் உள்ளவருக்கு 3 செ.மீ. வரை அது முட்டை வளரும் பையாகவே இருக்கும். கட்டி என்றே சொல்லத் தேவையில்லை. 5 செ.மீ. வரை பெரும்பாலும் மறு ஸ்கேன்கூட வேண்டாம். 5 முதல் 7 செ.மீ. என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். அதற்கு மேல் போனால் அல்ட்ராசவுண்ட் முழுச் சுவரையும் பார்க்கத் தவறக்கூடும் என்பதால் எம்ஆர்ஐ அல்லது அறுவை பற்றிப் பேசுவார்கள். மாதவிடாய் நின்றவருக்கு இதே கட்டி 5 செ.மீ.க்குள் இருந்து, சிஏ-125 என்னும் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருந்தால், 4 முதல் 6 மாதத்தில் மறுபடி பார்ப்பது ஒரு பரவலான நடைமுறை. இவை பெரும்பாலும் தானே மறையும், அல்லது அப்படியே கிடக்கும்.

கர்ப்பப்பையின் உட்சவ்வில்தான் குழப்பம் அதிகம். மாதவிடாய் நின்று, பிறகு ரத்தப்போக்கு வந்தவருக்கு சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. 4 மி.மீ.க்கு மேல் என்றால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த 4 மி.மீ. கணக்கு ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு மட்டுமே. போக்கு எதுவும் இல்லாமல், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் 6 மி.மீ. என்று வந்தவரை அதே கணக்கில் பயமுறுத்துவது தவறு. அங்கே பலரும் 11 மி.மீ. என்ற எல்லையைப் பார்க்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சவ்வு தடித்தே தெரியும். அவர்களிடம் தடிமனைவிட ரத்தப்போக்குதான் முக்கியமான அடையாளம்.

மாதவிடாய் உள்ளவருக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. போக்கு முடிந்தவுடன் 2 முதல் 4 மி.மீ. இருக்கும் சவ்வு மாதவிடாய்ச் சுழற்சியின் கடைசியில் 16 மி.மீ. வரை வளரலாம். 45 வயதுக்கு மேல் ஒழுங்கற்ற போக்கு இருந்தால் தடிமன் எவ்வளவு என்று பாராமல் திசுப் பரிசோதனை செய்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சவ்வு மெல்லியதாக இருந்தும் போக்கு திரும்பத் திரும்ப வந்தால், ஸ்கேனை நம்பி இருக்கக் கூடாது. சில வகைப் புற்றுநோய்கள் சவ்வைத் தடிக்க வைப்பதில்லை.

மதிப்பெண் முறைகள்: மூன்றில் எது?

உருவத்தைப் பார்த்து ஆபத்தைக் கணிக்க மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன.

பழையது ஆர்எம்ஐ என்னும் ஆபத்துக் குறியீடு. ஸ்கேன் மதிப்பெண் (கோளாறு இல்லை என்றால் 0, ஒன்று என்றால் 1, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 3), மாதவிடாய் நிலை (உள்ளவருக்கு 1, நின்றவருக்கு 3), சிஏ-125 அளவு ஆகிய மூன்றையும் பெருக்குவார்கள். 200 தாண்டினால் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்புவது வழக்கம். மாதவிடாய் நின்றவருக்கு ஸ்கேனில் இரண்டு கோளாறுகளும் சிஏ-125 வெறும் 30ம் இருந்தால் 3 × 3 × 30 = 270. மாதவிடாய் உள்ளவருக்கு ஒரே ஒரு கோளாறும் சிஏ-125 150ம் இருந்தால் 1 × 1 × 150 = 150. சிஏ-125 ஐந்து மடங்கு இருந்தும் பின்னவருக்கு மதிப்பெண் குறைவு. கணக்குப் போடுவது எளிது. ஆனால் சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய சினைப்பைக் கட்டி) உள்ள இளம் பெண்களிடம் இது தடுமாறும்.

2008இல் ஐயோட்டா என்னும் சர்வதேச ஆய்வுக் குழு வெளியிட்ட எளிய விதிகள் ரத்தப் பரிசோதனையை நம்புவதில்லை. ஐந்து நல்ல அடையாளங்கள், ஐந்து கெட்ட அடையாளங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முளைகள், ஒழுங்கற்ற கெட்டிக் கட்டி, வயிற்றில் நீர், மிகுந்த ரத்த ஓட்டம் போன்றவை கெட்டவை. நல்லது மட்டும் இருந்தால் சாதாரணக் கட்டி. கெட்டது மட்டும் இருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம். இரண்டும் கலந்திருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ முடிவு சொல்லாது. சுமார் ஐந்தில் ஒரு கட்டி இந்த இடத்தில் வந்து நிற்கும்.

நோயாளி தாமே படித்துப் புரிந்துகொள்ள மூன்றாவது முறையான ஓ-ராட்ஸ் (0 முதல் 5 வரை ஆபத்தைச் சொல்லும் எண்) தான் சிறந்தது. 1 என்றால் இயல்பு. 2 என்றால் ஆபத்து 1 சதவீதத்துக்குக் கீழ். 3 என்றால் 1 முதல் 10. 4 என்றால் 10 முதல் 50. 5 என்றால் 50 சதவீதமும் அதற்கு மேலும். 0 என்பது ஸ்கேன் முழுமையாகவில்லை என்பதற்கு மட்டும். 4 என்று வந்தவருக்குக்கூட புற்றுநோய் இல்லாதிருக்கும் வாய்ப்பே அதிகம் என்பதைக் கவனியுங்கள். ரிப்போர்ட்டில் எண் இல்லையென்றால் ரேடியாலஜிஸ்டிடம் கேட்டு எழுதி வாங்கலாம்.

அடுத்து எம்ஆர்ஐயா, சிடியா?

இந்த இடத்தில் அதிகம் தவறு நடக்கிறது. அல்ட்ராசவுண்டில் சந்தேகம் வந்ததும் சிடி எடுக்க ஓடுகிறார்கள். சினைப்பைக் கட்டி எந்த வகை என்று பிரித்துச் சொல்வதில் சிடி பலவீனமானது. அதன் பலம் வேறு: நோய் உறுதியானபின் வயிற்றுச் சவ்வு, நிணநீர்க் கணுக்கள், ஈரல், நுரையீரல் வரை பரவியிருக்கிறதா என்று பார்ப்பது. வயிறும் இடுப்பும் சேர்த்து எடுக்கும் சிடிக்கு 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு ஆகும். அயோடின் மருந்து ஏற்றுவதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

கட்டி எந்த வகை என்பதுதான் கேள்வி என்றால் எம்ஆர்ஐ. கொழுப்பின் ஒளியை அணைத்து எடுக்கும் படத்தில் டெர்மாய்டு கட்டி (உள்ளே கொழுப்பு உள்ள கட்டி) இருண்டுவிடும். பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி பிரகாசமாகவே நிற்கும். கர்ப்பப்பையிலிருந்து காம்போடு தொங்கும் நார்க்கட்டியைச் சினைப்பைக் கட்டி என்று அல்ட்ராசவுண்ட் தவறாக எழுதியிருந்தால், காம்பையே எம்ஆர்ஐ காட்டிவிடும். அதற்கும் ஓ-ராட்ஸ் எண் உண்டு, சதவீதம் வேறு: 2 என்றால் 0.5க்குக் கீழ், 3 என்றால் சுமார் 5, 4 என்றால் சுமார் 50, 5 என்றால் சுமார் 90. அல்ட்ராசவுண்டின் 3ஐயும் எம்ஆர்ஐயின் 3ஐயும் ஒன்றாக எண்ண வேண்டாம். 30 முதல் 45 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேஸ்மேக்கர் போன்ற உலோகக் கருவி உடலில் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

உடலில் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் முதல் சோதனைக்கு உரியது அல்ல. மாதவிடாய் உள்ளவரின் சினைப்பையும் கர்ப்பப்பை உட்சவ்வும் நோயே இல்லாமல் அதில் ஒளிரும்.

சிஏ-125 என்னும் துணைச் சாட்சி

35 அலகு வரை இயல்பு. மாதவிடாய் நாட்கள், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது), நார்க்கட்டி, இடுப்புக் கிருமித்தொற்று, வயிற்றுக் காசநோய், ஈரல் நோய் என்று எதிலும் இது ஏறும். மறுபுறம், முதல் நிலைச் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இயல்பாகவே இருக்கும். ஸ்கேன் இல்லாமல் இதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லாதவர் ஆண்டுதோறும் இதையோ ஸ்கேனையோ செய்தால் உயிர் காக்குமா என்று பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆய்ந்தார்கள். 2021இல் வந்த முடிவு: இறப்பு குறையவில்லை.

காத்திருப்பதா, எடுத்துவிடுவதா?

ரத்தம் கட்டிய கட்டி, உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகளோடு தெரியும். அதை 8 முதல் 12 வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். காத்திருப்பது இங்கே சோம்பல் ஆகாது. அந்த மறைவே நோய் இல்லை என்பதற்கான சான்று. மறு ஸ்கேனுக்குப் பழைய படங்களையும் எடுத்துப் போங்கள், முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். அளக்கும் கோணம் மாறினாலே சில மி.மீ. கூடும், குறையும், அதை வளர்ச்சி என்று எண்ணக் கூடாது. புதிதாக முளையோ கெட்டிப் பகுதியோ தோன்றினால் அதுதான் மாற்றம்.

சினைப்பைக் கட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கலாமே என்று பலர் கேட்பார்கள். புற்றுநோய் சந்தேகம் உள்ள கட்டியை அப்படிக் குத்தினால் செல்கள் வயிற்றுக்குள் சிந்தும் ஆபத்து உண்டு. முழுதாக எடுப்பதே முறை. கர்ப்பப்பை உட்சவ்வுக்கு அந்தப் பயம் இல்லை. சுமார் 3 மி.மீ. குழாயைச் செலுத்திச் சில நிமிடங்களில் திசு எடுத்துவிடலாம். ஆனால் அது கண்மூடி எடுப்பது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பாலிப்பை (சதை வளர்ச்சியை) தவறவிடலாம். முடிவு இயல்பாக வந்தும் போக்கு நிற்காவிட்டால், கர்ப்பப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோப்பி தேவை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க இந்த ஸ்கேன்களை நம்ப முடியாது. "கர்ப்பப்பை வாய் இயல்பு" என்று ஸ்கேனில் எழுதியிருந்தாலும் ஹெச்பிவி (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) அல்லது பாப் பரிசோதனை (கர்ப்பப்பை வாயின் செல்களைப் பார்ப்பது) தனியாக வேண்டும்.

கட்டி இருப்பது தெரிந்து காத்திருக்கும் நாட்களில், ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மறு ஸ்கேன் தேதி வரை பொறுக்காமல் அந்த மணியிலேயே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் சினைப்பை அழுகிவிடும்.